ஒல்லாந்தன் போயிட்டானா?

அப்பாவுக்கு வயது எழுபத்தொன்பது. ஒரு உதைபந்தாட்ட மெச்சைக்கூட அவர் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. இடைவேளை வருவதற்குள் குறட்டை வந்துவிடும். ஆனாலும் உலகக் கிண்ணம் நடக்கிற வருஷங்களில், ஏதோ ஒரு நாள் காலையில், வாயில் பிரஷோடு என் அறை வாசலில் வந்து நிற்பார். கேள்வி ஒன்றுதான்.

"என்னடா, ஒல்லாந்தன் போயிட்டானா?"

ஒல்லாந்தன் என்றால் நெதர்லாந்து அணி. போயிருப்பான். 1994இல் கால் இறுதியில் போனான். 1998இல் அரை இறுதியில். 2010இல் கடைசிப் படியில் கால் வைத்து வழுக்கிப் போனான். 2002இலும் 2018இலும் வாசலுக்கே வரவில்லை. அந்த இரண்டு வருஷமும் அப்பாவுக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஜூன் 11ஆம் திகதி மறுபடி ஆரம்பிக்கிறது. பிரஷ் தயாராக இருக்கிறது.

உண்மையில் இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமையே இல்லை. என்னை இந்தக் கிணற்றில் தள்ளிவிட்டவரே அவர்தான்.

1994இல் எனக்குப் பன்னிரண்டு வயது. புளூமெண்டல் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். கொழும்பில் தோட்டம் என்றால் மரமும் செடியும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பொதுப் பைப், எதிரும் புதிருமாக வீடுகள், ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் ஏழு வீட்டுக்குத் தெரியும், அவ்வளவுதான் தோட்டம். கலர் டிவி மூலை வீட்டு அக்காவிடம் மட்டும். அந்த வருஷம் தோட்டம் முழுக்கப் பிரேசில். கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா ஜூன் 13இல் முடிந்ததும் மிஞ்சிய பச்சை, மஞ்சள் டிஷ்யூ கடதாசியெல்லாம் நாலே நாளில் பிரேசில் கொடியாகிவிட்டது. எனக்கும் ஒரு கொடி வேண்டும். ஆனால் எல்லாரும் வைத்திருக்கிற கொடி வேண்டாம். அந்த வயதின் வியாதி.

அப்பா துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். மாலையில் வந்து சேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம் போய், நான் யாருக்கு சப்போர்ட் பண்ணுவது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "நம்ம வீதிக்குப் பேர் வச்சவனும் ஆடுறானாமே. அவனுக்கே கை தட்டு."

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் அப்புறம் அவருக்கே சுவை பிடித்துவிட்டது. புளூமெண்டல் என்றால் ஒல்லாந்து மொழியில் பூக்கள் நிறைந்த பள்ளத்தாக்கு என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூக்கைச் சுளித்தோம். ஏனென்றால் அந்தப் பூப்பள்ளத்தாக்கில்தான் கொழும்பின் குப்பை மலை இருந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் சோறு இறங்காது. கொஞ்சம் தள்ளி வூல்வெண்டால், ஓநாய்ப் பள்ளத்தாக்கு. நரியைப் பார்த்து ஓநாய் என்று நினைத்து வைத்த பெயராம். நீ படிக்கப் போகும் வழியில் இருக்கிற ஊர்ப்பெயர் எல்லாம் அவன் வைத்தது, நான் வேலை செய்யும் கந்தோர் அவன் சொல், அந்தக் கந்தோர் மேசையின் லாச்சி அவன் சொல், அம்மா இப்போது அடுப்பில் வைத்திருக்கிற போஞ்சி அவன் சொல், காலையில் நீ வரிசையில் நிற்கிறாயே கக்கூஸ், அதுவும் அவன் சொல்தான். அம்மா உள்ளேயிருந்து, சாப்பாட்டு நேரத்தில் என்ன பேச்சு என்று சத்தம் போட்டா.

அப்படித்தான் நான் ஒல்லாந்து ஆனேன். அதுவரை டிவியில் அந்தச் சட்டையின் நிறத்தைக்கூடப் பார்த்ததில்லை. தோடம்பழக் கலர்.

கால் இறுதியில் வந்து வாய்த்தது யார்? பிரேசிலேதான். அமெரிக்காவில் டலஸ் நகரத்தில் பகல் மெச், எங்களுக்கு இரவு ஒரு மணி. அக்கா வீட்டு முன்னறையில் இருபது பேர் பாயில். முதல் பாதியில் ஒன்றுமில்லை. பிறகு ரொமாரியோ ஒன்று, பெபேட்டோ ஒன்று. பெபேட்டோ கோல் அடித்துவிட்டு, புதிதாகப் பிறந்த தன் பிள்ளைக்காகக் கையைத் தொட்டில்போல் ஆட்டினார். இருபது பேரும் சேர்ந்து ஆட்டினார்கள், என் தலையிலும் இரண்டு கை பட்டது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷமே பெர்க்காம்ப் ஒன்று போட்டார். அப்புறம் எழுபத்தாறாவது நிமிஷத்தில் வின்டர் தலையால் ஒன்று. இரண்டுக்கு இரண்டு. எண்பத்தோராவது நிமிஷத்தில் பிரான்கோவின் ஃப்ரீகிக் உள்ளே போய்க் கதை முடிந்தது. ஆனால் எழுபத்தாறுக்கும் எண்பத்தொன்றுக்கும் இடையில் ஐந்து நிமிஷம் இருந்ததே, அந்த ஐந்து நிமிஷம் அந்த அறையில் குதித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான். இருபது பேர் வாயை மூடிக்கொண்டிருக்க, ஒருத்தன் மட்டும் கத்துவதில் இருக்கிற ருசி என்னவென்று அன்று கண்டேன். அந்த ஐந்து நிமிஷத்தை நம்பித்தான் முப்பத்திரண்டு வருஷமாகக் காலத்தை ஓட்டுகிறேன்.

1998 பற்றி நீட்டினால் மனைவி திட்டுவாள், அத்தனை தடவை கேட்டுவிட்டாள். ஆர்ஜென்டினாவோடு கால் இறுதி, தொண்ணூறாவது நிமிஷம். பிராங்க் டி போர் தன் பாதியிலிருந்து தூக்கிப் போட்ட பந்து ஆகாயத்தில் வருகிறது. பெர்க்காம்ப் ஓடிக்கொண்டே வலது காலை நீட்டினார்; பந்து பூனைக்குட்டி மாதிரி காலடியில் விழுந்தது. இரண்டாவது தொடுகையில் அயாலாவைத் தாண்டியாயிற்று. மூன்றாவதில் கோல். மூன்றும் அதே வலது கால். நான் கத்தவில்லை. பக்கத்தில் இருந்தவனின் கையைப் பிடித்தேன் என்று ஞாபகம். மூன்று நாள் கழித்துப் பெனால்டியில் பிரேசிலிடமே தோற்று வெளியே வந்தோம். அப்பா பிரஷோடு வந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம்மை அடக்கி ஆண்டவனுக்குக் கை தட்ட வெட்கமாக இல்லையா என்று ஒரு நண்பன் கேட்டிருக்கிறான். நியாயமான கேள்விதான். கொச்சிக்கடைக் கோயிலின் கதையே ஒல்லாந்தருக்குப் பயந்து ஒளிந்த கத்தோலிக்கக் குருவானவரின் கதை. ஆனால் அந்தச் சட்டைக்குள் இருக்கிறவர்களைப் பாருங்கள். ரூட் குலிட்டின் அப்பாவும் ரைக்கார்டின் அப்பாவும் சுரினாமிலிருந்து வந்தவர்கள். வான் பிரொங்கோர்ஸ்ட்டின் தாய்வழி இந்தோனேசியாவின் மொலுக்காத் தீவுகள். அவன் கறுவாவுக்கும் கராம்புக்கும் சீனிக்கும் போய்ப் பிடித்த இடங்களின் பிள்ளைகள்தான் அவனுக்கு மெச் வென்று கொடுக்கிறார்கள். எனக்கு அந்த அணி எப்போதும் பாதி சொந்தக்காரர் வீடு மாதிரித்தான் தெரிந்திருக்கிறது. சரி, இது தர்க்கம் இல்லை. ரசிகனிடம் தர்க்கம் கேட்கக் கூடாது.

இனி 2006.

ஜூன் 25, இரண்டாவது சுற்று, நியூரம்பேர்க் நகரம். நெதர்லாந்தும் போர்த்துக்கலும். எங்களுக்கு நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. ஜம்பட்டா வீதியில் ஒரு நானாவின் சாப்பாட்டுக் கடை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். கொட்டாஞ்சேனையில் போர்த்துக்கலுக்கு ஆள் பஞ்சமே இல்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் பெரேரா, பெர்னாண்டோ, சில்வா. அவர்களில் ஒருத்தன் சிவப்புச் சட்டையோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து சொன்னான்: "மச்சான், இந்தக் கொழும்பை எங்ககிட்ட இருந்து புடிச்சது நீங்கதானே? இன்னைக்குக் கணக்குத் தீர்ப்போம்."

ஒல்லாந்தர் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1656 மே மாதம். சரியாக முந்நூற்று ஐம்பது வருஷம். மாதக்கணக்காக முற்றுகையிட்டுப் பட்டினி போட்டுத்தான் கோட்டையைத் திறக்க வைத்தார்கள். அந்த முற்றுகையை நடத்திய தளபதி ஹல்ஃப்ட், வெற்றிக்கு ஒரு மாதம் இருக்கும்போது குண்டடி பட்டுச் செத்தான். புதுக்கடையை இங்கிலீஷில் ஹல்ஸ்டோர்ப் என்கிறோமே, அது அவன் பெயர்தான். கிண்ணத்தைத் தொடுகிற தூரத்தில் விழுவது ஒல்லாந்தனுக்குப் பரம்பரை வியாதி போல.

அந்த மெச்சை உதைபந்தாட்டம் என்று சொல்ல முடியாது. பதினாறு மஞ்சள் அட்டை, நாலு சிவப்பு. தொடக்கத்திலேயே எங்கள் ஆள் பூலாரூஸ், ரொனால்டோவின் தொடையில் மிதித்தான். அந்தப் பையன் அழுதுகொண்டே வெளியே போனான். இருபத்து மூன்றாவது நிமிஷத்தில் மனிஷ் அடித்த கோல் ஒன்றுதான் கணக்கு. அதற்குப் பிறகு கோட்டை முற்றுகைதான். நானா பிளேன்டீ ஊற்றிக்கொண்டே, "இவனுகள் பந்து வெளையாடுறானுகளா, பழி தீக்குறானுகளா?" என்று கேட்டார். கடைசியில் டிவியில் ஒரு காட்சி காட்டினார்கள். வெளியே அனுப்பப்பட்ட டெக்கோவும் வான் பிரொங்கோர்ஸ்ட்டும் படிக்கட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் பார்சிலோனாவில் ஒன்றாக ஆடுகிறவர்கள். உள்ளே நாடுகள் அடித்துக்கொண்டிருக்க, வெளியே இரண்டு நண்பர்கள். சிவப்புச் சட்டைக்காரன் என் பிளேன்டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான்.

இரண்டரை மணி இருக்கும், வீட்டுக்கு நடந்தேன். சந்தியில் செக்பொயின்ட். அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழனுக்கு இரவு நடை எப்படி இருந்தது என்று அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டோர்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. ஐடென்டியை எடுத்து நீட்டினேன். ஆமிக்காரப் பையன், என்னைவிடச் சின்னவன். பெயரைப் படித்தான், திருப்பிப் பார்த்தான், மறுபடி படித்தான். இந்த நேரத்தில் எங்கிருந்து வருகிறாய்? மெச் பார்த்துவிட்டு, என்றேன் சிங்களத்தில். டோர்ச் கொஞ்சம் இறங்கியது. என் சட்டையில் நின்றது.

"கோல் கீயத?"

எகய் பிந்துவய், ஒன்றுக்குப் பூச்சியம் என்றேன். நாலு சிவப்பு அட்டை என்று சேர்த்தேன். "ஹதரக்?" என்று அவன் கத்தியதில் மண்மூட்டைக்குப் பின்னால் இருந்த இன்னொருத்தன் எழும்பி வந்தான். யார் யார், எதற்கு, எத்தனையாவது நிமிஷம் என்று நான் நின்ற இடத்திலேயே முழு மெச்சையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர்களுக்குக் காவல் நேரம், பார்க்க வழியில்லை. என் அடையாள அட்டை அவன் விரலிடுக்கில் இருந்தது. கதை சுவாரசியமாகும்போதெல்லாம் அதால் தன் தொடையில் தட்டிக்கொண்டான். கடைசியில் கேட்டான்: "ஒயாகே டீம் எக்க மொகக்த?" உன் டீம் எது?

ஹொலண்ட், என்றேன்.

"பவ்," என்றான். பாவம். அட்டையைத் திருப்பித் தந்தான்.

நீ எந்தப் பக்கம் என்று ஒரு செக்பொயின்டில் என்னைக் கேட்டு, நான் யோசிக்காமல் உண்மையைச் சொல்ல முடிந்தது அந்த ஒரு தடவைதான்.

மெச் முடிந்து சில மணி நேரத்தில், ஜூன் 26 காலையில், பன்னிப்பிட்டியவில் தற்கொலைக் குண்டு. இராணுவத்தின் பெரிய அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். மாலையில் அதே சந்தியில் நீண்ட வரிசை. வேறு பையன்கள். மெச்சைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கிரிக்கெட்டில் இந்தக் கேள்வி வேறு மாதிரி. பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டிருக்கிறேன்: "நீ யாருக்கு? இந்தியாவுக்கா, சிலோனுக்கா?" அது கேள்வி இல்லை, பரீட்சை. இலங்கைக்கு என்று சொன்னால் நம்பாதவர்கள் உண்டு. அப்படிச் சொன்னதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்ட உறவுக்காரர்களும் உண்டு. 1996 மார்ச் 17இல் லாகூரில், உலகக் கிண்ண இறுதியில், அரவிந்த சதம் அடித்த இரவு நான் தொண்டை கிழியக் கத்தினேன். அது பொய் இல்லை. ஆனால் கத்தும்போதே, போதுமான அளவு கத்துகிறேனா என்று யாராவது பார்க்கிறார்களோ என ஒரு காது வெளியே இருந்தது. அதுவும் பொய் இல்லை. ஒல்லாந்துக்குக் கத்தும்போது இரண்டு காதும் எனக்கே சொந்தம்.

இதில் ஒரு கூத்து: நியூரம்பேர்க் தோல்வி முடிந்து ஒன்பதே நாளில், 2006 ஜூலை 4, அம்ஸ்டெல்வீனில் இலங்கை கிரிக்கெட் அணி நெதர்லாந்தைப் போட்டு உரித்தது. ஐம்பது ஓவரில் 443. ஜெயசூரிய 157. அன்றைக்கு அது ஒருநாள் போட்டிகளில் உலக சாதனை. கந்தோரில் எல்லாரும் என் மேசைக்கு வந்து, "இப்ப நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு நானும் சிரித்தேன்.

2010 இறுதிப் போட்டி. யுத்தம் முடிந்து ஒரு வருஷம். செக்பொயின்ட் பாதி எடுத்தாயிற்று. மகள் பிறந்து மூன்று மாதம். ஜொஹானஸ்பர்க் மெச், எங்களுக்குச் சரியாக நள்ளிரவு பன்னிரண்டு. சத்தத்தை அடைத்துவிட்டு, ஒரு கையில் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அறுபத்திரண்டாவது நிமிஷம் ஸ்னைடர் பந்தை நீட்டிவிட, ரொபன் தனியாக ஓடுகிறார். முன்னால் கோல்காப்பாளர் கசியாஸ் மட்டும். கசியாஸ் தப்பான பக்கம் விழுந்தாயிற்று. ரொபன் அடித்தாயிற்று. நான் கயிற்றை விட்டாயிற்று. விழுந்துகொண்டிருந்த மனிதனின் வலது கால் நுனி, பூட்ஸின் முனை, பந்தில் உரசியது. பந்து வெளியே. எனக்கு ஸ்பெயினைப் பார்த்தால் கோபம் வருவதில்லை, கசியாஸைப் பார்த்தாலும் வருவதில்லை. அந்தப் பூட்ஸ் ஒரு சைஸ் சின்னதாக இருந்திருந்தால் என்று மட்டும் சில இரவுகளில் நினைப்பேன்.

நூற்றுப் பதினாறாவது நிமிஷம் இனியெஸ்டா. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஸ்னைடரின் ஃப்ரீகிக் சுவரில் பட்டுத்தான் வெளியே போனது, கோர்னர் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. பதினாறு வருஷமாக இதைச் சொல்கிறேன், யாரும் கேட்பதாக இல்லை.

ஆனால் மனதில் கை வைத்துச் சொன்னால், அன்று எங்கள் ஆட்கள் ஆடியது கிண்ணத்துக்கு லாயக்கான ஆட்டம் இல்லை. டி ஜொங் காலைத் தூக்கி அலொன்சோவின் நெஞ்சில் உதைத்தான். நெஞ்சில். மஞ்சள் அட்டையோடு தப்பினான். யோஹான் குரைஃப்பே அந்த ஆட்டத்தைக் கரித்துக் கொட்டினார். 1974 இறுதிப் போட்டியில் தோற்றாலும் உலகம் மறக்காத ஆட்டம் ஆடியவர்கள் குரைஃப்பும் கூட்டமும். 1978 இறுதிப் போட்டியில் தொண்ணூறாவது நிமிஷத்தில் ரென்சன்பிரிங்கின் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த இரண்டு தோல்வியும் நான் பிறப்பதற்கு முன்பே நடந்தவை. ஆனாலும் சொத்து மாதிரி எழுதி வாங்கிக்கொண்டேன். மூன்றாவது தோல்வியில்தான் சோகத்தோடு வெட்கமும் வந்தது. வென்றிருந்தாலும் வெட்கம் இருந்திருக்குமா? இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதுதான் தொந்தரவு.

மகள் எழும்பி அழுதாள். விடியும்போது அப்பா வந்தார். பிரஷ். "போயிட்டானா?" பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

சொந்த நாட்டு அணி பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள். இலங்கைக்கும் உதைபந்தாட்ட அணி உண்டு. 1995இல் இதே கொழும்பில் இந்தியாவை இறுதிப் போட்டியில் வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்தோம். அடுத்த வருஷம் கிரிக்கெட் கிண்ணம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, கொச்சிக்கடைக் கோயிலில் குண்டு. எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை; எழுதினால் இந்தப் பதிவு வேறு பதிவாகிவிடும். ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று. மக்காவோவோடு முதல் மெச் சீனாவில் நடந்து ஒன்றுக்குப் பூச்சியம் தோற்றோம். இரண்டாவது மெச் கொழும்பில். மக்காவோ வரமாட்டோம் என்றது. பயம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அந்த மாதங்களில் நாங்களே கோயிலுக்குப் பயந்துதான் போனோம். ஃபிஃபா மூன்றுக்குப் பூச்சியம் என்று இலங்கைக்கு வெற்றி எழுதிக் கொடுத்தது. விசில் ஊதாமல், பந்து உருளாமல், மூன்று கோல்.

அந்த வெற்றியால் அடுத்த சுற்று. செப்டெம்பர் 10, ரேஸ்கோர்ஸ் மைதானம், வட கொரியா. அதே சிவப்புச் சட்டை நண்பனும் நானும் போனோம். ஒரு பக்கம் பழைய குதிரைப்பந்தயக் கட்டடத்தில் பெரிய கடைகள், அங்கே கோப்பி குடிப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் பப்பரே அடிக்கிற பையன்கள். தேசிய கீதம் சிங்களத்தில் போனது. பள்ளிக்கூடத்தில் தமிழில் பாடிய அதே மெட்டு. நான் உதட்டுக்குள் தமிழில் பாடினேன். இரண்டும் ஒரே இடத்தில்தான் முடிகின்றன. பிறகு மெச். நம் பையன்களுக்கு எதிரில் நின்றவர்கள் இயந்திரம் மாதிரி ஓடினார்கள். சுஜான் பெரேரா கோலில் நின்று தடுத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடுப்புக்கும் நான் எழும்பினேன். எப்போது அந்த ஒரு காது உள்ளே வந்தது என்று தெரியவில்லை. ஒன்றுக்குப் பூச்சியம் தோற்றோம். வட கொரியாவிடம் ஒன்றே ஒன்று. வெளியே வரும்போது எனக்குக் குரலே இல்லை, நண்பன்தான் திரீவீல்காரனோடு விலை பேசினான்.

2021இல் வட கொரியா போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. அதோடு ஆடிய மெச்சுகளின் முடிவுகளை எல்லாம் ரத்து செய்துவிட்டார்கள். ஆக, கணக்குப்படி, ஆடாத மெச்சில் இலங்கை வென்றது. நான் தொண்டை கிழியக் கத்திய மெச் நடக்கவே இல்லை.

2022 டிசெம்பர். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று அட்டவணை பார்த்து வாழ்ந்த வருஷம். ஆர்ஜென்டினாவோடு கால் இறுதி, இரவு பன்னிரண்டரை. மகளுக்குப் பன்னிரண்டு வயது, என் 1994 வயது. அவளுக்கு ஒல்லாந்து பிடிக்காது. ஜப்பான் கார்ட்டூன் பார்த்துப் பார்த்து ஜப்பான் பைத்தியம். ஜப்பான் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வென்றபோது வீட்டில் தரை அதிர்ந்தது. ஜப்பான் போன பிறகு சும்மா என்னோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டுக்குப் பூச்சியம் பின்னால் இருந்தோம். வெகோர்ஸ்ட் தலையால் ஒன்று. பிறகு கடைசி ஃப்ரீகிக், தொண்ணூறு நிமிஷத்துக்கு மேல் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் பதினோராவது நிமிஷம். எல்லாரும் நேராக அடிப்பான் என்று காத்திருக்க, கூப்மைனர்ஸ் பந்தைத் தரையோடு மெல்லத் தட்டிவிட்டார். சுவருக்குப் பக்கத்தில் வெகோர்ஸ்ட் அதை வாங்கித் திரும்பி உள்ளே போட்டார். அப்படி ஒரு குறும்பை உலகக் கிண்ணத்தில், அந்த நேரத்தில் செய்ய ஒல்லாந்தனுக்கு மட்டும்தான் துணிவு வரும். நான் குதித்ததில் மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை போய்விட்டது. மகள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, எப்படியும் பெனால்டில தோப்பீங்க."

தோற்றோம். நாலுக்கு மூன்று.

இந்தத் தடவை குழு பிரித்ததில் நெதர்லாந்தும் ஜப்பானும் ஒரே குழு. வீட்டில் இப்போதே பேச்சுவார்த்தை இல்லை. இன்னொரு புதினம், குராசோ. கரீபியன் கடலில் ஒன்றரை லட்சம் பேர் இருக்கிற ஒரு தீவு, இன்றைக்கும் நெதர்லாந்து முடிக்குக் கீழே இருக்கிற இடம், முதல் தடவையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றிருக்கிறது. அங்கே ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். நம் அணிக்கும் இப்போது ஜெர்மனி, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று வெளியே பிறந்த பிள்ளைகள் வந்து ஆடுகிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நம்மளும் ஒல்லாந்தனோடயே இருந்திருந்தா உலகக் கிண்ணத்துக்குப் போயிருக்கலாமோ?" என்றார். அந்த மனிதரிடம் எதையும் சொல்லக் கூடாது.

போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். பிரதான வீதி நடைபாதையில் சட்டை மலை: ஆர்ஜென்டினா, போர்த்துக்கல், பிரேசில். ஜப்பான் நீலம் இல்லை. அடுத்த கிழமை வரும், நம்பர் தாங்க, போன் எடுக்கிறேன் என்றான் கடைப் பையன். தோடம்பழக் கலர் அடியில் இருந்தது. இழுத்து எடுத்துத் தூசி தட்டினான். "அண்ணே, இது போன தடவ வந்தது. யாரும் கேக்கல. ரெண்டா எடுத்தா பாதி விலை." இரண்டாக எடுத்தேன்.

ஒன்று அப்பாவுக்கு. மறுப்பார் என்று நினைத்தேன். போட்டுக்கொண்டு மாலையில் பாண் வாங்கக் கிளம்பிவிட்டார். வயிற்றில் கொஞ்சம் இறுக்கம். வாசலில் பக்கத்து வீட்டு அன்ரி பிடித்துக்கொண்டா. "என்ன அங்கிள், இந்த வயசுல கலர் எல்லாம் பிரமாதமா இருக்கு?"

"மகன் வாங்கித் தந்தது," என்றார் அப்பா. "பொறுங்க, அவனுங்க போனதும் கழட்டிடுவேன்."